மேசைக்கு வராத விமானங்கள்

மொடல் விமானம் ஒன்று கட்டுவது என்று முடிவெடுக்க ஒரு பின்னேரம் போதுமாக இருந்தது. எதைக் கட்டுவது என்பதில்தான் வீடு மூன்றாகப் பிரிந்து நின்றது. மகனுக்கு ஜெட் வேண்டும். அம்மாவுக்கு டக்கோட்டா. நான் தொழிலால் குவான்ரிற்றி சேர்வேயர். பிளானை விரித்துப் பார்க்காமல் எந்தக் கட்டடத்துக்கும் விலை சொல்லிப் பழக்கமில்லை. விமானத்துக்கு மட்டும் ஏன் மாற வேண்டும்?

வெட்டித் தயாராகப் பெட்டியில் வரும் கிட் ஒன்றை வாங்கியிருந்தால் இந்தச் சண்டையே வந்திருக்காது. ஆனால் வெளிநாட்டிலிருந்து எடுப்பிக்கும் விலை, கூரியர், சுங்கம் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்ததும் அந்தக் கதை முடிந்தது. பல்சா என்ற பாரமில்லாத மரத்தை மட்டும் வாங்குவது, பிளானைப் பிரின்ட் எடுப்பது, மிச்சத்தை நாங்களே வெட்டுவது. அவுட்டர்ஸோன் என்ற இணையத்தளத்தில் பழைய மொடல் விமானப் பிளான்கள் ஆயிரக்கணக்கில் இலவசமாகக் கிடக்கின்றன. 1935இல் தொடங்கிய ஏரோமொடலர் போன்ற இதழ்களில் வந்தவை, கிட் கொம்பனிகள் 40களிலும் 50களிலும் பெட்டியில் மடித்து வைத்து விற்றவை. யார் யாரோ பொறுமையாக ஸ்கான் பண்ணி ஏற்றியிருக்கிறார்கள். கை நீட்டினால் எதுவும் கிடைக்கும் என்பதால்தான் எங்களுக்கு எதையும் எடுக்க முடியவில்லை.

மகன் ஒவ்வொரு பக்கத்திலும் விமானத்தின் போட்டோவைப் பார்த்தான். நான் றிப்புகளை, இறக்கைக்கு வடிவம் தரும் குறுக்குச் சட்டங்களை, எண்ணினேன். இறக்கை நுனிப்பக்கம் ஒடுங்கிப் போனால் ஒவ்வொரு றிப்பும் வேறு வேறு அளவு. பத்தென்றால் பத்தையும் தனித்தனியே வரைந்து வெட்ட வேண்டும். இறக்கை ஒரே அகலமாகப் போனால் ஒரு தகட்டு அச்சு வெட்டி வைத்துக்கொண்டு எல்லா றிப்பையும் அதிலேயே எடுத்துவிடலாம். முதன்முதலில் பிளானிலிருந்து கட்டுகிறவர்களுக்கு இது ஒன்றே பாதி வேலையைக் குறைத்துவிடும். அடுத்தது, பலன்ஸ் பொயின்ற் குறித்திருக்கிறதா என்று பார்ப்பேன். மூக்கை எவ்வளவு கீழே, எவ்வளவு வலப்பக்கம் சாய்க்க வேண்டும் என்று எழுதியிருக்கிறதா? உடம்பின் குறுக்குவெட்டுகள் எல்லாம் இருக்கின்றனவா, அல்லது வரைந்தவர் பாதியைத் தன் தலைக்குள்ளேயே வைத்துக்கொண்டாரா? பழைய பிளான்களில் இடம் மிச்சம் பிடிக்க வலது இறக்கையை மட்டும் வரைந்து விட்டுவிடுவார்கள். அதற்குப் பழைய ஆட்களின் வழி ஒன்று உண்டு. தாளில் எண்ணெய் தடவினால் கோடுகள் மறுபக்கம் தெரியும். திருப்பிப் போட்டு இடது இறக்கையைக் கட்டலாம். அவர்கள் என்ன எண்ணெய் பாவித்தார்களோ, வெள்ளவத்தையில் தேங்காய் எண்ணெய்க்குப் பஞ்சமில்லை.

அம்மா இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தா. "அதுகளை விடு பிள்ளை. டக்கோட்டாவைக் கட்டு" என்றா.

அம்மாவின் டக்கோட்டா 60களின் டக்கோட்டா. பலாலியில் ஏறி இரத்மலானையில் இறங்கிய பயணத்தை இன்றைக்கும் நேற்று நடந்ததாகத்தான் சொல்லுவா. பின்பக்கக் கதவால் ஏறியதும் நடைபாதை முன்னோக்கி மேடாகப் போகுமாம். வால் நிலத்தில் இருக்கும் விமானம், அப்படித்தான் இருக்கும். சீலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சீற்றைப் பிடித்துப் பிடித்து ஏறியதையும், ரொபி தந்ததையும், அப்பாச்சி கண்ணை மூடிக்கொண்டு தேவாரம் சொன்னதையும் கேட்டால் எனக்கே டக்கோட்டா கட்ட ஆசை வரும். எயார் சிலோன் 1947 டிசம்பர் 10ஆம் திகதி தன் முதல் சேவையை இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாக மதராசுக்கு விட்டது. விமானத்தின் பெயர் சீதாதேவி. அதே கொம்பனியின் மற்ற டக்கோட்டாக்கள் விகாரமகாதேவி, சுனேத்ராதேவி. அப்படிப் பெயர் வைத்த காலம்.

ஆனால் பில் போட்டுப் பார்த்தேன். அசல் டக்கோட்டாவின், அதாவது டிசி-3இன், இறக்கை நுனிக்கு நுனி கிட்டத்தட்ட 29 மீற்றர். 24இல் ஒன்றாகச் சுருக்கினாலும் 1.2 மீற்றர் வருகிறது. எங்கள் சாப்பாட்டு மேசையைத் தாண்டி நிற்கும். இரண்டு எஞ்சின் என்றால் இரண்டு மோட்டர், இரண்டு கூடு, ஒன்று நின்றால் பக்கமாகத் திரும்பி விழும் ஆபத்து. உடம்பு உருண்டை, அதை மெல்லிய பட்டிகளால் ஒவ்வொன்றாகப் போர்த்த வேண்டும். வெளி இறக்கை பின்னோக்கிச் சாய்ந்து ஒடுங்குகிறது, அதாவது ஒவ்வொரு றிப்பும் வேறு. அம்மாவிடம் இவற்றைச் சொன்னபோது, "அப்ப சின்னனாக் கட்டு" என்றா. சின்னதாக்கினால் இன்னும் கஷ்டம் என்பதை விளங்கப்படுத்துவது இலகு அல்ல. அளவைப் பாதியாக்கினால் இறக்கைப் பரப்பு நாலில் ஒன்றாகும். பாரமோ, எல்லாத் தடிப்பையும் அதே விகிதத்தில் குறைக்க முடிந்தால், எட்டில் ஒன்றாகும். கேட்க நல்லாயிருக்கும். ஆனால் பல்சாவையும் பசையையும் தாளையும் அந்த விகிதத்தில் மெலிதாக்க யாருக்கு முடியும்? சின்ன விமானத்தில் நடு இறக்கையில் சொட்டிய ஒரு துளிப் பசைகூடக் கணக்கில் வரும்.

மகன் தன் பட்டியலோடு வந்தான். முதலாவது கிபிர்.

அவன் சொன்னதில் பிழையில்லை. 2009க்குப் பிறகு பிறந்த பிள்ளை. விமானப்படை 1996இல் வாங்கிய இஸ்ரேலிய ஜெட், முக்கோண இறக்கை, கூர் மூக்கு. 13 வயதில் யாருக்குப் பிடிக்காது? கட்டுகிற பார்வையில் பார்த்தாலும் அவன் பட்டியலில் ஆக இலகுவானது அதுதான். தட்டையான ஃபோம் அட்டையில் முக்கோணம் வெட்டி, உடம்பை மடித்து ஒட்டி, பின்னால் ஒரு மோட்டர் வைத்தால் ஒரு கிழமை முடிவில் கட்டிவிடலாம்.

அம்மா எழும்பிக் குசினிக்குப் போனா. நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. அந்தப் பெயர் இந்த வீட்டில் மேசைக்கு வராது, ராசா.

வடக்கில் 80களில் வளர்ந்த எங்களுக்கு விமானங்களைப் புத்தகம் பார்த்துத் தெரியாது. சத்தத்தில் தெரியும். ஹெலி வேறு, பொம்பர் வேறு, சகடை வேறு. எது தூரத்தில் வருகிறது, எவ்வளவு நேரம் இருக்கிறது, பங்கருக்குள் இறங்க வேணுமா, மதிலோரம் படுத்தால் போதுமா என்பதைப் பத்து வயதுப் பெடியள் சொல்லுவார்கள். நாங்கள் சியாமாசெற்றி என்று சொன்னது இத்தாலியின் எஸ்.எஃப்.260. பிளான்களைத் தேடும்போது அதன் முப்பார்வைப் படம் ஒன்று கண்ணில் பட்டது. ஸ்டெலியோ ஃபிராட்டி வரைந்து 1964இல் முதன்முதல் பறந்த விமானம். பயிற்சிக்காகப் பல நாடுகள் வாங்கின. நேர்மையாகச் சொன்னால், வடிவான விமானம். இறக்கை நுனிகளில் எண்ணெய்த் தாங்கிகள், ஒடுங்கிய வால், ஒரு கோடுகூட வீண் இல்லை. அதன் இறக்கையைக் கீழேயிருந்து பார்த்துத்தான் எனக்குப் பழக்கம். மேலேயிருந்து பார்க்கும் படத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மூடிவிட்டேன். அதைக் கட்டுகிற ஆட்கள் எங்கேயோ இருப்பார்கள், நல்லாய்க் கட்டட்டும். அலுமாரிக்கு மேலே வைத்துத் தூசு தட்ட என்னால் ஏலாது.

மகனிடம் இவ்வளவும் சொல்லவில்லை, பாதி சொன்னேன். அவன் யோசித்துவிட்டு, "அப்ப ஹரிகேன்?" என்றான். பிள்ளைகள் கெட்டிக்காரர்.

ஹரிகேன் இரண்டாம் உலக யுத்தத்தில் பிரித்தானியரின் சண்டை விமானம். எங்கள் ஊர்க் கதையும்கூட. கொழும்பு 7இல் இப்போது கடைகளும் றக்பி மைதானமும் இருக்கிற றேஸ்கோர்ஸ், யுத்த காலத்தில் விமானத் தளம். 1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு காலையில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்க வந்தபோது 258ஆவது ஸ்குவாட்ரனின் ஹரிகேன்கள் அங்கிருந்துதான் ஏறின. 30ஆவது ஸ்குவாட்ரன் இரத்மலானையிலிருந்து. முதல் நாள் கொக்கலையிலிருந்து போன கற்றலீனாக் கடல் விமானம் ஒன்று ஜப்பானியக் கப்பற்படையைக் கண்டு செய்தி அனுப்பியிருந்தது. அதை ஓட்டிய கனடிய விமானி லெனார்ட் பேர்ச்சால். பெடியன் இதையெல்லாம் எங்கேயோ வாசித்து வைத்திருந்தான். "அதுவும் சண்டைப் பிளேன்தானே" என்று அம்மா குசினிக்குள்ளிருந்து குரல் கொடுத்தா. "இது எங்களைக் காப்பாத்த வந்தது, அம்மம்மா" என்றான். அம்மா பதில் சொல்லவில்லை. எனக்கும் அந்த இடத்தில் ஒரு பதில் இல்லை. றிப்புகளை எண்ணத் தொடங்கினேன்.

மொடல் கட்டுகிறவருக்கு ஹரிகேனின் பின்னுடம்பு ஒரு பரிசு. அசலிலேயே மரச் சட்டங்களுக்கு மேலே நீளச் சலாகைகள் ஓட, அதன் மேல் துணி இழுத்துப் போர்த்தியது. போட்டோக்களில் அந்த வரி வரியான மேடுகள் தெரியும். பல்சாச் சலாகையும் மெல்லிய தாளும் வைத்துக் கட்டும்போது நடிக்கத் தேவையில்லை, அசலைச் செய்த மாதிரியே செய்கிறோம். சிக்கல் முன்பக்கத்தில் இருக்கிறது. இறக்கை கீழே, உடம்பு அதன் மேலே உட்கார்ந்திருக்கிறது. ரிமோட் இல்லாமல் தானாகப் பறக்க விடும் மொடலுக்கு உடம்பு இறக்கையின் கீழே தொங்குவதுதான் நல்லது; சாய்ந்தால் தானே நிமிரும். கீழ் இறக்கைக்காரனை நிமிர வைக்க இறக்கைகளை V போல அசலைவிடக் கூடுதலாக மேலே வளைக்க வேண்டும், அப்போது ஹரிகேனின் முகமே மாறிவிடும். மடங்கும் சக்கரம் வேறு. இரண்டாவதாகக் கட்டுவோம் என்று எழுதி வைத்தேன்.

ரிமோட் ஏன் வேண்டாம் என்று கேட்பீர்கள். நாங்கள் இருப்பது வெள்ளவத்தை. இரத்மலானை ஓடுபாதைக்குக் கிட்ட. ரிமோட்டோடு ஒன்றை மேலே ஏற்றினால் யார் யாரிடம் என்னென்ன அனுமதி என்று தொடங்கும். கடற்கரையில் விடலாமே என்றால் அங்கே காற்றும் காகமும் றெயிலும். காலிமுகத்திடல் பட்டத்துக்குச் சரி. றப்பர் பட்டியை முறுக்கி விடுகிற சின்ன விமானத்துக்கு ஒரு பள்ளிக்கூட மைதானமும் காற்றில்லாத விடியற்காலையும் போதும். ஜனவரியிலிருந்து மார்ச் வரை கொழும்பில் அப்படி விடியல்கள் கிடைக்கும். கடற்காற்று எழும்புமுன் ஆட்டத்தை முடித்துக்கொண்டு வந்துவிடலாம். தென்மேல் பருவக்காற்றுக் காலத்தை வெட்டவும் ஒட்டவும் வைத்துக்கொள்ளலாம். ஆகவே, றப்பர். இதை முதலிலேயே தீர்த்திருந்தால் பட்டியலில் பாதி தானாக விழுந்திருக்கும். விமானத்தைத் தெரிவதற்கு முன்னால் அது எங்கே பறக்கப் போகிறது என்பதைத் தெரியுங்கள் என்று யார் கேட்டாலும் இப்போது சொல்கிறேன், கேட்காதவர்களுக்கும் சொல்கிறேன்.

சிப்மங்க் கொஞ்ச நாள் முன்னால் நின்றது. 1951இல் இந்த நாட்டு விமானப்படை தொடங்கியபோது விமானிகள் பழகியது அதில்தான். நீள மூக்கு, நிலையான சக்கரம், எல்லாம் நல்லது. கீழ் இறக்கை. அதோடு சரி.

பிறகுதான் புஸ் மொத். டி ஹாவிலண்ட் கொம்பனி 1929இல் முதலில் பறக்கவிட்ட மூன்று பேர் விமானம். அந்தக் காலத்தில் சின்ன விமானங்களில் விமானி மழையிலும் காற்றிலும் தலையை வெளியே நீட்டிக்கொண்டு போவார். இதில் கூரையும் கண்ணாடியும் உள்ள மூடிய அறை. 1932 ஒக்டோபர் 15இல் ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் கொண்டு பறந்தது ஒரு புஸ் மொத்தில். எனக்கு அதைவிட முக்கியம் 1935 நவம்பர் 27. இரத்மலானையில் முதன்முதல் தரையிறங்கிய விமானம் மதராஸ் பறக்கும் கழகத்தின் ஒரு புஸ் மொத். ஓட்டியவர் அந்தக் கழகத்தின் தலைமைப் பயிற்றுநர் டின்டல் பிஸ்கோ. அம்மா ரொபி வாங்கிச் சாப்பிட்டு இறங்கிய அதே இரத்மலானை. அம்மாவின் டக்கோட்டாவுக்கு வழி திறந்தது இதுதான் என்று சொல்லிப் பார்த்தேன். "எத்தினை பேர் இருக்கலாம்?" "மூன்று பேர்." "அது என்ன பிளேன்!" என்றா. ஆனால் எதிர்க்கவில்லை.

பிளானை விரித்துப் பார்த்தபோது எனக்கு மனம் குளிர்ந்தது. இறக்கை மேலே. நுனி வளைவை விட்டால் ஏறக்குறைய முழுக்க ஒரே அகலம். ஒரே அச்சில் றிப்பெல்லாம் எடுக்கலாம். உடம்பு தட்டைப் பக்கங்கள் கொண்ட பெட்டி. அசலில் உருக்குக் குழாய்ச் சட்டமும் துணியும், எங்களுக்குப் பல்சாச் சலாகையும் தாளும். இறக்கையைத் தாங்கும் V வடிவச் சலாகைகள் இரண்டு பக்கமும் இருப்பதால் மெல்லிய இறக்கை முறுகாமலும் நிற்கும்.

இன்னொரு விசயம் படத்தை எத்தனை தரம் பார்த்தாலும் கண்ணில் படாது, பிளானில் எஞ்சினைப் பார்த்தால் விளங்கும். புஸ் மொத்தின் ஜிப்சி எஞ்சின் தலைகீழாகப் பூட்டியது. சிலிண்டர்கள் கீழே தொங்க, சுழலும் அச்சு மேலே வருகிறது. விமானிக்கு முன்னே பார்க்க மறைப்புக் குறையும் என்று அப்படிச் செய்தார்கள். எங்களுக்கு அதில் வேறு லாபம். றப்பரில் ஓடும் மொடலுக்குப் புரொப்பெல்லர் மிகப் பெரிதாக வேண்டும், இறக்கை நீளத்தில் மூன்றில் ஒன்றுக்கு மேலே. அசலின் அளவைவிட இரண்டு மடங்கு. அச்சு தாழ்வாக இருக்கும் விமானத்தில் அந்தப் புரொப்பெல்லர் நிலத்தில் இடிக்கும். காலை நீட்டிக் கொக்கு மாதிரி நிற்க வைக்க வேண்டும். இதில் அச்சும் உயரம், கால்களும் இயல்பாகவே நீளம். அந்தக் கால்களைப் பற்றி மகன் கண்டுபிடித்த ஒன்று அவனை முழுதாக இந்தப் பக்கம் இழுத்துவிட்டது. அதிர்ச்சி தாங்கும் காலின் உறையை விமானி உள்ளிருந்தே குறுக்காகத் திருப்பலாம். அது காற்றைத் தடுத்து விமானத்தை மெதுவாக்கும். ஜெட்டில் உள்ள பிரேக் 1929இலேயே இருந்ததா என்று அன்றிரவு முழுக்க அதே கதை.

அளவு 16இல் ஒன்று. அசல் இறக்கை 11.2 மீற்றர், ஆகவே எங்களுடையது 70 சென்ரிமீற்றர். இறக்கைப் பரப்பு ஏறக்குறைய 8 சதுர டெசிமீற்றர். றப்பரோடு சேர்த்து 65 கிராமுக்குள் முடித்தால் மெதுவாகப் பறக்கும். 12இல் ஒன்றும் யோசித்தோம். 93 சென்ரிமீற்றர், கட்ட இலகு, பார்க்க இன்னும் வடிவு. ஆனால் மைதானத்துக்கு ஓட்டோவில்தான் போக வேண்டும், மடியில் வைத்துக்கொண்டு. எழுபதே போதும்.

ஒரு சண்டை மட்டும் இன்னும் தீரவில்லை. நாங்கள் எடுத்த பிளானில் வரைந்தவர் வாலின் கிடை இறக்கையைக் கொஞ்சம் பெரிதாக்கியிருக்கிறார். ஓரத்தில் குறிப்பும் எழுதியிருக்கிறார். அசலின் சின்ன வால் விமானிக்குப் போதும், அவர் கையில் கட்டுப்பாட்டுத் தண்டு இருந்தது. ஆளில்லாமல் பறக்கிற மொடலுக்கு மூக்கு மேலும் கீழும் ஆடாமல் பிடிக்கப் பெரிய வால் வேண்டும். மகனுக்கு அது பொய். அளவென்றால் அளவு என்கிறான். நான் வரைந்தவர் பக்கம். அவர் இதைப் பறக்கவிட்டுப் பார்த்தவர்.

சாமான்களுக்குப் புறக்கோட்டையை ஒரு சுற்றுச் சுற்றினோம். பல்சாவை ஓடர் பண்ணியாகிவிட்டது. இறக்கை நுனி வளைவுகளுக்குப் பல்சா வேண்டாம் என்று பிளானைத் திருத்தினேன். வெசாக் கூடு கட்டுகிற ஆட்கள் மூங்கிலைச் சன்னமாகச் சீவி, தணலில் காட்டி வளைப்பதைப் பார்த்தவர்களுக்கு ஏன் என்று சொல்லத் தேவையில்லை; நிலத்தில் இடித்தாலும் மூங்கில் நுனி தாங்கும். தாளும் வெசாக் தாள்தான், வெள்ளை மட்டும். ஜப்பானிய மொடல் தாளைவிடக் கொஞ்சம் பாரம். கலர் தாள் வேண்டாம். போர்த்தியபின் தண்ணீர் தெளித்து இறுக்கும்போது சாயம் ஓடிவிடும். எங்கள் ஊர் ஈரக்காற்றில் தாள் ஒருநாள் தளரும், ஒருநாள் இறுகும், இறுகும்போது இறக்கையை முறுக்கிவிடும். அதனால் காயும்வரை பலகையில் ஊசி குத்தி வைக்க வேண்டும். பூச்சுக்கு, தச்சர்கள் பாவிக்கும் சாண்டிங் சீலரைத் தின்னரில் நல்லாய்க் கரைத்து ஒரு கை.

இனிப் பிரின்ட். ஏ1 தாளில் எடுத்துத் தரும் கடை பம்பலப்பிட்டியில் இருக்கிறது. எங்கள் ஒஃபிஸ் படங்கள் அங்கேதான் போகும். தாளுக்குள் அடங்கட்டும் என்று யாராவது ஒரு பொத்தானை அழுத்தினால் படம் இரண்டு மூன்று வீதம் சுருங்கி வரும், கண்ணுக்குத் தெரியாது, றிப்புகள் பொருந்தாது. பிளானின் மூலையில் 6 அங்குல அளவுகோல் ஒன்று வரைந்திருக்கிறது. அடிமட்டத்தைக் கையிலேயே கொண்டு வருவேன், 6 அங்குலம் 6 அங்குலமாக வராவிட்டால் காசு தரமாட்டேன் என்று கடைத் தம்பியிடம் சொல்லி வைத்திருக்கிறேன். சிரித்தார். நான் பகிடி விடவில்லை.